சாப்பாட்டுக்கூடச் சுவரில் ஒன்பது சதவீதம்

திங்கட்கிழமை, காலை 7.25.

கப்ரோவோ ஊர்க் காலுறை ஆலையின் சாப்பாட்டுக்கூடத்தில், வாராந்தர மெனு குத்தும் பலகையில் அன்று மெனு இல்லை. அதற்குப் பதிலாகப் பதினோரு பேருடைய மானம் ஒரே தாளில் குத்தி வைக்கப்பட்டிருந்தது.

முதலில் பார்த்தவள் தொன்கா. காலுறையின் விரல்நுனியைத் தைத்து மூடும் பிரிவின் தலைவி. அவள் கீழே பேசினால் மலைமேல் மேய்கிற ஆடு திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்ட குரலில் படித்தாள்.

"'ஊதிய உயர்வு அறிக்கை, செப்டம்பர் முதல் அக்டோபர் வரை.' உயர்வாம்டி! கம்பளி விலை ஏறிப்போச்சு, இந்த வருஷம் ஒருத்தருக்கும் ஒரு காசு கிடையாதுன்னாங்களே!"

தொண்ணூற்றாறு பெண்கள் தேநீர்க் கோப்பையோடு எழுந்து வந்தார்கள்.

"படிக்கா, படி! யார் அந்தப் புண்ணியவான்?"

"முதல் பேரு..." என்று தொடங்கிய தொன்கா நின்றுவிட்டாள். அந்தக் கூடத்தில் அப்படி ஓர் அமைதி கடைசியாக நிலவியது, பல வருடங்களுக்கு முன் தட்டில் ஒரு கறி உருண்டை முழுசாக வந்த நாளில்தான். "முதல் பேரு நெவேனா குத்சாரொவா. நூத்துக்கு ஒம்பது."

சரியாக அப்போது தேநீர்க் கோப்பையும் கையுமாகக் கதவைத் திறந்துகொண்டு நெவேனா உள்ளே வந்தாள்.

சம்பளப் பிரிவுக்குப் பொறுப்பு அவள். வயது நாற்பத்தொன்பது. ஆலையில் எது காணாமல் போனாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். காப்பித்தூள் திருடனை சர்க்கரைக் கட்டிகளை எண்ணியே பிடித்தவள். இடது கால் உறைகள் மட்டும் அறுநூறு காணாமல் போனபோது, அரை நாளில் ஆளைக் கண்டுபிடித்து, வலது கால் உறைகளையும் அவன் தலையிலேயே கட்டி விலை வாங்கியவள். போலீசுக்குச் சொன்னால் வண்டிக்கு டீசல் செலவு என்று ஊரே அவளை நம்பியிருந்தது.

இப்போது அவளுடைய இரண்டு காதும் சிவந்த சிவப்பில், அன்று கொதிகலனை மூட்டாமலே ஆலையைச் சூடாக்கியிருக்கலாம்.

"வா நெவேனா," என்றாள் தொன்கா. குரல் இறங்கியிருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை, பட்டறையில மித்கோ அண்ணன் பெயர்நாள் விருந்துல, உன் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்? யாருக்காச்சும் ஏத்தினாங்களான்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?"

"ஒருத்தருக்கும் இல்லன்னேன்."

"உன் புது ஃப்ரிட்ஜு?"

நெவேனா கோப்பையைப் பார்த்தாள்.

"பழசு, தங்கச்சி குடுத்தான்னு சொன்ன. நானும் என் புருஷனும் மூணு மாடி தூக்கிட்டு வந்து வெச்சோம். பழசுக்கு ஏன்டி இவ்வளவு கனம்னு அவரு கேட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. கையில் இருந்த தேநீரை நெவேனா அப்படியே மேசையில் வைத்தாள். இருபத்திரண்டு வருடமாக அவள் காலைத் தேநீரை அந்த மேசையில் குடித்திருக்கிறாள். அன்று குடிக்கவில்லை.

காலை 8.05.

இயக்குநர் கமென் ட்ரகன்செவ் தாளைப் பலகையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து தன் மேசைமேல் அறைந்தார்.

கப்ரோவோக்காரர்கள் கைச் சிக்கனத்துக்குப் பேர் போனவர்கள். இந்த ஊரில் கொசு கடித்தால்கூட, தேவையானதை எடுத்துக்கொண்டு மீதி ரத்தத்தைத் திருப்பி விட்டுவிட்டுத்தான் போகும். அந்த ஊர்க்காரர்களே கமென் ட்ரகன்செவைப் பார்த்து, "இந்த மனுஷன் கொஞ்சம் கஞ்சம்" என்பார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கறி உருண்டை ஆளுக்கு இரண்டா ஒன்றரையா என்பதை வெள்ளிதோறும் அவரே தீர்மானிப்பார். ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள் ஆலையை விட்டு வெளியே போகக் கூடாது; ஒவ்வோர் அறையிலும் அந்தந்த அறையின் பழைய தாளையே திருப்பிப் போட்டுத்தான் பிரிண்டர் ஓட வேண்டும் என்பது அவர் சட்டம். தன் அறையில் இருந்த பிரிண்டரை, மை செலவு என்று இரண்டு வருடம் முன்பே விற்றுவிட்டார்.

"இதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு, படிங்கம்மா."

நெவேனா படித்தாள். "தயாரித்தவர்: நெ. குத்சாரொவா. வெள்ளி, அக்டோபர் 26. மாலை 3.52."

"உங்க பேரு. உங்க கடவுச்சொல்."

"ஐயா, சாஃப்ட்வேர் வாங்கும்போது ஒரு ஆளுக்குத்தான் உரிமம் வாங்கினீங்க. நானு, போரியானா, நீங்க, மூணு பேரும் என் பேருலதான் உள்ள போறோம். யாரு போனாலும் என் பேருதான் விழும்."

"அப்ப 3.52-க்கு நீங்க எங்க இருந்தீங்க? விருந்துல இல்ல. உங்க அறையிலயும் இல்ல. நான் பார்த்தேன்."

எங்கே இருந்தாள் என்பது நெவேனாவுக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. ஏன் அங்கே போனாய் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.

"சொல்ல முடியலையா? சரி. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நேரம். 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்'னு ஒரு கையெழுத்து. போட்டுட்டா போலீசு கிடையாது, வழக்கு கிடையாது. போடலைன்னா, ரகசியத்தை வெளியிட்டதுக்கு வேலைநீக்கம். அப்புறம் இந்த ஊர்ல ஒரு நாய்கூட உங்கள நம்பித் தன் எலும்பை எண்ணச் சொல்லாது."

"இந்தத் தாளை நான் வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்குங்க. ரெண்டு பக்கமும் அச்சாயிட்டுது. இனிமே அது குப்பைதான்."

மாடிப்படியில் இறங்கும்போது எதிரே வந்த இரண்டு தையல்காரிகள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதைக்கு ஒதுங்குவது வேறு, இது வேறு. வேலை போனால் அறுபத்திரண்டு கிலோமீட்டரில் வேறு ஆலை இருக்கிறது. ஆனால், கூட்டாளிகளைச் சுவரில் குத்திக் காட்டியவள் என்ற பெயரோடு எத்தனை கிலோமீட்டர் போவது? செய்த தப்பு ஒன்று போதாதா, செய்யாததையும் சேர்த்துச் சுமக்க?

காலை 8.40.

சம்பள அறை. எதிர் மேசையில் போரியானா. இருபத்தெட்டு வயது, பணிக்காலப் பதிவுகள் அவள் வேலை. பட்டியலில் அவள் பெயரும் உண்டு: நான்கு சதவீதம்.

"நான் இல்லக்கா. சத்தியமா நான் இல்ல."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"கண்ணுல கேக்குறீங்களே!"

"வெள்ளிக்கிழமை எப்ப கிளம்பின?"

"மூணரைக்குப் பல் டாக்டர். பாதி வழி போனதும் கோட்டை மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். நாலு மணி இருக்கும்."

"அறையில யாரு இருந்தா?"

"டைரக்டர் ஐயா. நம்ம பிரிண்டர் முன்னாடி கையைக் கட்டிட்டு நின்னாரு. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி."

"என்ன பண்றீங்கன்னு கேட்டியா?"

"கேட்டேன். 'தாள் எண்ணுறேன்'னாரு." போரியானா தோளைக் குலுக்கினாள். "அவரு எண்ணாம வேற யாரு எண்ணுவா? போன மாசம் நான் தலைவலின்னு படுத்திருந்தப்ப மூச்சையே எண்ணினாரு."

நெவேனா தலையாட்டினாள். அந்த ஆலையில் இயக்குநர் தாள் எண்ணுவதும் சூரியன் கிழக்கே உதிப்பதும் ஒன்று. யாரும் அதைப் பற்றி இரண்டாவது முறை யோசிப்பதில்லை.

"போரியானா, பட்டியல்ல எத்தனை பேரு?"

"பதினொண்ணு."

"நான் போட்டது பத்து."

போரியானா வாயைத் திறந்தாள். அதற்குள் கதவு திறந்தது. திறந்ததா, கீலோடு கையில் வந்ததா என்று சொல்ல முடியாது.

காலை 8.55.

மெக்கானிக் மித்கோ; முழுப் பெயர் திமித்தர். அறுபத்தோரு வயது. வெள்ளிக்கிழமை புனித திமித்தர் திருநாள், அந்தப் பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் விருந்து நாள். கூப்பிடாமலே யார் வேண்டுமானாலும் வரலாம். வந்தவர்களுக்குப் போட்டே ஆக வேண்டும். ஆலையில் இருந்த நூற்றுநாற்பது பேரும் வந்து, அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை ராக்கியாச் சாராயமாகவும் சோறு அடைத்த குடைமிளகாயாகவும் விழுங்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஏம்மா நெவேனா! சைபர் புள்ளி ஆறா? எனக்கா? சைபர் புள்ளி ஆறு! ஊரே சிரிக்குது! 'மித்கோ, உன் உயர்வுல எங்களுக்கும் ஒரு கடி குடு'ங்கறானுவ! ஒண்ணும் குடுக்கலைன்னாக்கூட கௌரவமா இருந்திருப்பேனே!"

"உக்காருங்கண்ணே. உங்களுக்கு உயர்வே குடுக்கல."

"அப்ப அது என்ன?"

"செப்டம்பர்ல உங்களுக்கு இன்னொரு வருஷம் முடிஞ்சுது. வருஷம் ஒண்ணு முடிஞ்சா சட்டப்படி சைபர் புள்ளி ஆறு தானா ஏறும். அது உயர்வு இல்லண்ணே. உயிரோட இருந்ததுக்குக் கூலி."

"அப்ப ஏன் பட்டியல்ல வந்துது?"

நெவேனா போரியானாவைப் பார்த்தாள். போரியானா மெல்லச் சொன்னாள்: "ரிப்போர்ட் எடுக்கும்போது ஒரு கட்டம் வரும்ணே. 'பணிக்கால ஏற்றத்தையும் சேர்க்கவா?'ன்னு. அது எப்பவும் டிக் போட்டபடியேதான் வரும். நாங்க முதல் வேலையா அதை எடுத்துருவோம். எடுக்கலைன்னா வருஷம் முடிஞ்சவங்க எல்லாம் உயர்வு வாங்கினவங்கன்னு வந்துரும். இந்த ரெண்டு மாசத்துல முடிஞ்சது உங்க ஒருத்தருக்குத்தான்."

"அப்ப ரிப்போர்ட்டை எடுத்தது யாரோ அது தெரியாதவன்."

"ஆமாண்ணே," என்றாள் நெவேனா.

"தெரியாதவன்கிட்ட ஏன் கடவுச்சொல்லைக் குடுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு மித்கோ போய்விட்டார். நல்ல கேள்வி.

காலை 11.20.

சமையலறை. தோச்கா அடுப்பிலிருந்து பனிட்சாவை, அதாவது பாலாடைக்கட்டி வைத்த அடுக்கு ரொட்டியை, இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் சுற்றளவுக்கு அந்தச் சமையலறையை மூன்று முறை இடித்துக் கட்டினார்கள் என்பார்கள். ஒரு முறை நிச்சயம்.

"தோச்காக்கா, பலகையில தாளைக் குத்துனது யாரு?"

"நான்தான்."

இவ்வளவு சீக்கிரம் ஒப்புதல் வாக்குமூலம் கிடைக்கும் என்று நெவேனா எதிர்பார்க்கவில்லை.

"நீங்களா? ஏன்?"

"ஏன்னா? திங்கக்கிழமைல்ல? காலைல ஆறரைக்கு வருவேன். இந்த அச்சு மெஷின்ல மெனு வந்து கிடக்கும். எடுத்துக் குத்துவேன். பதினஞ்சு வருஷமா அதான செய்யறேன்?"

"படிக்கலையா?"

"எதைப் படிக்க? திங்க பருப்பு சூப்பு, செவ்வா முட்டைக்கோசு. பதினஞ்சு வருஷத்துல மாறினது உருண்டை மட்டும்தான், அதுவும் சின்னதாச்சு. கண்ணாடி வீட்டுல கிடக்கு." பிறகு தோச்காவின் முகம் மாறியது. "அய்யய்யோ. அதுவா அது? நானா குத்தினேன்? கண்ணு, சத்தியமா எனக்கு..."

"ஒரு தாள்தான் வந்துச்சா?"

"மூணு. ஒண்ணு போதும்னு மேல கிடந்ததைக் குத்தினேன். மிச்சம் ரெண்டும் இதோ."

பனிட்சாத் தட்டைத் தூக்கினாள். அடியில் வெண்ணெய் ஊறிக் கண்ணாடி போலாகியிருந்த இரண்டு தாள்கள். இரண்டிலும் முதல் வரியில் நெவேனா குத்சாரொவா, ஒன்பது சதவீதம். தட்டின் சூட்டில் அந்த ஒன்பது மட்டும் கருகிப் பெரிதாகத் தெரிந்தது. அல்லது அவளுக்கு மட்டும் அப்படித் தெரிந்தது.

நெவேனா தன் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்தாள். காலையிலிருந்து ஆலையில் நூற்றுநாற்பது பேர் அதன் முன்பக்கத்தைப் படித்திருந்தார்கள். அவளும் இருபது தடவை படித்திருந்தாள். முதன்முறையாகத் திருப்பினாள்.

பின்பக்கத்தில் மே மாத மெனு இருந்தது. வியாழன்: கறி உருண்டை, ஆளுக்கு ஒன்றரை.

"தோச்காக்கா, வெள்ளிக்கிழமை விருந்துல நீங்கதான பரிமாறினீங்க? டைரக்டர் வந்தாரா?"

"வந்தாரா? வெறுங்கையோட வந்தாரு. நாலு குடைமிளகாய் முழுங்கினாரு. அஞ்சாவது வாய்கிட்ட போகும்போது போன் அடிச்சுது. தலைநகரு சோபியாவுலேர்ந்து முதலாளி போல, எழுந்து நின்னு பேசினாரு. அப்புறம் உன்னைத் தேடினாரு. 'நெவேனா எங்க, நெவேனா எங்க'ன்னு ரெண்டு சுத்து சுத்தினாரு. நீ இல்ல. கேக்கு வெட்டறதுக்குள்ள போயிட்டாரு. இலவசக் கேக்கை விட்டுட்டுப் போனாருன்னதும் யாரோ செத்துட்டாங்கன்னுதான் நெனச்சேன்."

நெவேனா அடுப்படி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. துப்பறிந்து முடித்தவருக்கு வருகிற மகிழ்ச்சி அவளுக்கும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மூன்று தாளும் ஏன் அச்சாயின என்பதன் கடைசிக் கண்ணி அவள் கையிலேயே இருந்தது.

"என்னடி, முகம் இப்படிப் போவுது? ஒரு துண்டு பனிட்சா சாப்பிடு."

"வேணாங்க்கா. என் பேரு ஒட்டிட்டிருக்கு அதுல."

மாலை 3.35.

முதல் ஷிப்ட் முடிந்து பெண்கள் கோட்டு மாட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கூடத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம். நெவேனா இயக்குநர் அறைக்குப் போனாள்.

"கையெழுத்துப் போடறேன் ஐயா."

கமென் ட்ரகன்செவின் முகத்தில் நிம்மதி வந்தது. நிம்மதி மட்டும் வரவில்லை. வேறு ஏதோ ஒன்றும் வந்து, அவர் கண்ணை மேசைக்குத் தள்ளியது.

"நல்லது. புத்திசாலித்தனம்."

"ஆனா கீழ, எல்லார் முன்னாடியும் போடறேன். மானம் போன இடத்துலயே போடணும். நீங்க கடிதத்தைத் தயார் பண்ணி அச்செடுத்துட்டு வாங்க."

"நீங்களே அச்செடுங்களேன்."

"என்னை அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போகக்கூடாதுன்னு காலைல பூட்டிட்டீங்களே ஐயா."

அது நியாயமாகப் பட்டது. நெவேனா கீழே இறங்கிப் போய்ப் பலகை அருகே நின்றாள். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். தொன்கா வேண்டுமென்றே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாலை 3.48.

மேலே, இயக்குநர் பொத்தானை அமுக்கினார். காத்திருந்தார். சம்பள அறைப் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்கவில்லை. மறுபடி அமுக்கினார். பிறகு எழுந்து சம்பள அறைக்கு நடந்தார். அங்கே பிரிண்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போரியானா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நிமிடம் கழித்து அவர் முகம் வெளுக்கத் தொடங்கியது.

அதற்குள் கீழே, சமையலறைக் கதவு திறந்தது. தோச்கா கையில் இரண்டு தாளோடு வந்தாள். கண்ணாடியை மதியமே வீட்டிலிருந்து வரவழைத்திருந்தாள்.

"இது என்னடி கூத்து? முட்டைக்கோசு வர வேண்டிய மெஷின்ல ராஜினாமா வருது! 'நெவேனா குத்சாரொவா ஆகிய நான், சொந்த விருப்பத்தின் பேரில்...' ரெண்டு காப்பி! பின்னாடி ஏப்ரல் மெனு!"

மாடிப்படியில் இயக்குநர் தடதடவென்று இறங்கி வந்து, கூட்டத்தைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றார்.

"வாங்க ஐயா," என்றாள் நெவேனா. "உங்க தாள் இங்க வந்திருக்கு. வெள்ளிக்கிழமையும் இங்கதான் வந்துச்சு."

"நீங்க என்ன சொல்றீங்கன்னு..."

"சொல்றேன். உங்க அறையில பிரிண்டர் கிடையாது. உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து வாரத்துக்கு ஒரு மெனு மட்டும்தான் போகும். அது நேரா சமையலறைக்குப் போகும். மத்த எல்லாத்தையும் நான்தான் அச்செடுத்துக் குடுப்பேன், அதனால ரிப்போர்ட்னாலே என் அறையிலதான் வரும்னு உங்க மனசுல பதிஞ்சுபோச்சு. வெள்ளிக்கிழமை முதலாளி போன்ல இந்த ரிப்போர்ட்டைக் கேட்டாரு. நீங்களே என் பேருல உள்ள போய் எடுத்தீங்க. டிக்கை எடுக்கணும்னு உங்களுக்குத் தெரியாது. பாவம், மித்கோ அண்ணனுக்கு சைபர் புள்ளி ஆறு வந்துச்சு. மூணு தடவை அமுக்கினீங்க. அப்புறம் என் பிரிண்டர் முன்னாடி வந்து நின்னீங்க. போரியானா பார்த்தா. தாள் எண்ணுறேன்னீங்க."

நெவேனா சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துத் திருப்பிக் காட்டினாள்.

"என் அறையில அச்சாயிருந்தா பின்பக்கத்துல பழைய லீவு விண்ணப்பம் இருக்கணும். இதுல உருண்டை இருக்கு. இத்தனை பேரு படிச்சோம், ஒருத்தரும் திருப்பிப் பாக்கல. திருப்பிப் போட்டு அச்செடுக்கச் சொன்னதே நீங்கதான் ஐயா. உங்க சட்டமே உங்கள காட்டிக் குடுத்துடுச்சு."

"அது... தவறுதலா..." கமென் ட்ரகன்செவ் தொப்பியைக் கழற்றினார். பிறகு அது எதற்கென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "காலைல பலகையில பார்த்ததும் நான் எடுத்ததுன்னு புரிஞ்சுபோச்சு; நான் போனப்புறம் உங்க பிரிண்டர்ல வந்ததை யாரோ குத்திட்டாங்கன்னு நெனச்சேன். ஆனா இத்தனை பேரு முன்னாடி, நான்தான்னு... எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துது."

"வெக்கத்துக்கு என் வேலையையா வெலையா வெச்சீங்க?"

தோச்கா இரண்டு ராஜினாமாவையும் நான்காகக் கிழித்தாள். பின்வரிசையில் மித்கோ, "சைபர் புள்ளி ஆறு தடவை மன்னிச்சுட்டேன் ஐயா!" என்று கத்தினார். கூடம் இடிந்துவிழுகிற மாதிரி சிரித்தது. யாரோ நெவேனாவின் முதுகில் தட்டினார்கள்.

தொன்கா மட்டும் சிரிக்கவில்லை. சன்னலிலிருந்து திரும்பினாள்.

"எல்லாம் சரி. அவரு உன்னைத் தேடினாருன்னு தோச்கா சொன்னா. நீ இருந்திருந்தா நீயே எடுத்துக் குடுத்திருப்ப, பூட்டின அறையிலயே எல்லாம் முடிஞ்சிருக்கும். 3.52-க்கு நீ எங்க இருந்த?"

காலையிலிருந்து யாருக்கும் சொல்லாத பதில். சொல்லாமலே போய்விட வழி இருந்தது: வேலை தப்பிவிட்டது, எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், பேருந்து வந்து ஒலி எழுப்பிக்கொண்டிருக்கிறது.

"நூல் கிடங்குல," என்றாள் நெவேனா. "பொதிக்குப் பின்னாடி."

"அங்க என்ன வேலை?"

"வேலை இல்ல. நீ கேட்ட, நான் ஒருத்தருக்கும் இல்லன்னு சொன்னேன். நீ உடனே நம்பிட்ட. உன் தட்டுல இருந்த கடைசிக் குடைமிளகாயை எடுத்து என் தட்டுல வெச்சு, 'நம்ம ரெண்டு பேரும் ஒரே கட்சி'ன்ன. எனக்கு அது தொண்டையில எறங்கல. எழுந்து போய் அங்க உக்காந்தேன். முக்கா மணி நேரம்." அவள் அதோடு நிறுத்தவில்லை. "தாளை அச்செடுத்தது ஐயா. குத்தினது தோச்காக்கா. ரெண்டு பேரும் தெரியாம செஞ்சாங்க. செப்டம்பர் மாசத்துலேர்ந்து தெரிஞ்சே மறைச்சது நான். கண்டுபிடிக்கணும்னா என்னையும் சேர்த்துத்தான் கண்டுபிடிக்கணும்."

முதுகில் தட்டிய கை எப்போதோ விலகியிருந்தது.

தொன்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பஸ்ஸு போயிடும்," என்றாள். பெண்கள் அவளுக்குப் பின்னால் வரிசையாக வெளியேறினார்கள். இயக்குநரும் நெவேனாவும் மட்டும் அந்தப் பெரிய கூடத்தில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை, நண்பகல் 12.10.

கதை ஊர் முழுக்கப் பரவி, சோபியா வரை போய், நடுவில் நூற்றொரு மடங்கு வளர்ந்து திரும்பியிருந்தது. முதலாளி தொலைபேசியில் பேசிய பேச்சில் இயக்குநரின் காது ஒரு அங்குலம் நீண்டுவிட்டதாகத் தோச்கா அளந்தே சொன்னாள். தையல் பிரிவுக்கும் ஏற்றிக் கொடுப்பது பற்றி வெள்ளிக்கிழமை பேசலாம் என்று அறிவிப்பு வந்தது. கொடுப்போம் என்று அல்ல, பேசலாம் என்று. கப்ரோவோவில் அதுவே பெரிய விஷயம்.

நெவேனா முட்டைக்கோசுத் தட்டோடு கூடத்தின் நடுவில் நின்றாள். ஒவ்வொரு மேசையிலும் இடம் இருந்தது. ஒவ்வொரு காலி நாற்காலியிலும் ஒரு கோட்டோ ஒரு பையோ இருந்தது. சன்னலோரம் தனியாக ஒரு மேசை. அங்கே போய் உட்கார்ந்துவிடலாம் என்று திரும்பினாள்.

தொன்கா தலையை நிமிர்த்தவில்லை. வாயில் ரொட்டியை மென்றபடியே, பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

நெவேனா போய் உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பேசாத," என்றாள் தொன்கா. "இன்னிக்குப் பேசாத. சாப்பிடு."